எண் பதினேழு சூடாகக் கூடாது

எங்கள் சங்கத்துக்கு ஒரு சோல்டரிங் அயர்ன் வந்து சேர்ந்ததைச் செய்தியாகப் போடச் சொல்லி மூன்று நாளிதழ்களைக் கேட்டிருந்தார்கள். ஒன்றில் வந்தது. அந்தப் படத்திலும் அயர்ன் தெரியவில்லை, அதைச் சுற்றி நின்ற ஒன்பது பேர் தெரிந்தார்கள். நான் ஒன்பதாவது ஆள். என் பாதி முகம் தலைவர் பலராமன் சாருடைய சால்வைக்குப் பின்னால் போய்விட்டது. மீதிப் பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

சங்கம் என்றால் கழுவெளிக் கரை உப்பள இயந்திரப் பயனாளர் கூட்டுறவுச் சங்கம். மரக்காணத்து உப்பளங்களுக்கு சோலாரில் ஓடும் பம்புகளை வாங்கித் தருவதும், பழுதானால் சரிசெய்து தருவதும் அதன் வேலை. முதல் வேலையை நான்கு வருடமாகச் செய்து வருகிறார்கள். இரண்டாவதைத் தொடங்குவதற்காக என்னை எடுத்தார்கள். மூன்று மாதம் தற்காலிகம், வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள். யாருக்குப் பிடித்திருந்தால் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு முன் ஆறு வருடம் ஒரகடத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் இருந்தேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு புள்ளி ஈயம் வைப்பேன். அந்த வேலையில் சத்யப்ரியா என்று யாரும் தேவைப்படவில்லை, இரண்டு விரல்கள் போதும். ஊருக்குத் திரும்பி வந்தபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை தந்தது இந்தச் சங்கம்தான். அதனால் அவர்கள் சொன்ன எதற்கும் உடனே தலையாட்டினேன். அப்படி ஆட்டுவதில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது. இதைச் சொல்லாமல் மேலே சொன்னால் கதை நேர்மையாக இருக்காது.

அந்த அயர்னை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நான்தான். ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கிற கருவி, தடித்த பேனா அளவுதான் இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, அதில் நகக்கண் அளவில் ஒரு திரை, இரண்டு பொத்தான்கள். எத்தனை டிகிரி வேண்டுமென்று சொல்லிவைத்தால் பத்து நொடியில் அந்தச் சூட்டில் வந்து நிற்கும். எவ்வளவு நேரம் சும்மா கிடந்தால் சூட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவைக்கலாம். சுவரில் பிளக் தேவையில்லை. சரியான பவர் பேங்க் ஒன்று பையில் இருந்தால் போதும். உப்பளத்தில் சுவர் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் நடந்து ஈ.சி.ஆர். ரோட்டு டீக்கடைக்குத்தான் போக வேண்டும்.

சங்கத்தில் அதற்கு 'நிரலாக்கக் கையடக்க ஈயப் பற்றுக்கோல்' என்று பெயர் வைத்து, சால்வை போர்த்தி, ஸ்டோருக்கு அனுப்பினார்கள். சால்வை தலைவருக்கு.

ஸ்டோர் இருசப்பன் அண்ணன் பொறுப்பு. எண் எழுதாத பொருள் எதுவும் அவருடைய ஸ்டோரில் கிடையாது. உப்பளத்தில் உழைக்கும் மண்வெட்டியின் பிடி நான்கு மாதத்தில் உளுத்துப்போகும், வேறு பிடி போடுவார்கள். இரும்பு மட்டும் துருப்பிடித்தாலும் அதேதான் இருக்கும். அதனால் சங்கம் தொடங்கிய அன்றே, எண் எப்போதும் இரும்பில்தான் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் வாளிக்கு அதன் கம்பிப் பிடியில் எண் இருக்கும். ஆபீஸ் கடிகாரத்தில் இரும்பே வெளியில் தெரியாததால் அது தொங்கும் ஆணியில் எழுதியிருக்கிறார்கள். கடிகாரம் இரண்டு முறை காணாமல் போய்விட்டது. ஆணி அங்கேயே இருப்பதால் ஆடிட்டில் கடிகாரம் சரியாக இருக்கிறது.

அண்ணன் அயர்னைப் புரட்டிப் பார்த்தார். உடம்பெல்லாம் பிளாஸ்டிக். ஒரு நுனியில் மட்டும் விரல் நீளத்துக்கு உலோக முனை. ஒற்றை மயிர்த் தூரிகையை வெள்ளைப் பெயின்ட்டில் தோய்த்தார்.

"அண்ணே, அந்த இடம்தான் சூடாகுற இடம்," என்றேன்.

"இரும்பு அதுதானேம்மா?"

"இரும்புதான். ஆனா முந்நூத்தி இருபது டிகிரி சூடாகும்ண்ணே. பெயின்ட்டு கருகிடும்."

"அப்ப நம்பரு போயிடும்."

"ஆமாண்ணே."

"நம்பரு போச்சுன்னா பொருளு போச்சுன்னு அர்த்தம்." அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'க.இ.ச./மின்/17' என்று எழுதி முடித்தார். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை. ஊதிக் காயவைத்துவிட்டு, கஷ்டமான கேள்விக்கு எளிய விடை கண்டுபிடித்தவர்போல என்னைப் பார்த்தார். "சூடு பண்ணாத. அவ்ளோதான்."

திங்கட்கிழமை காலை முத்தம்மாள் அக்கா போன் செய்தார். ஏழாம் எண் உப்பளத்தில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட குழுவுக்கு அவர்தான் தலைவி.

"ஏ சத்யா, நம்ம மோட்டாரு மூச்சே விட மாட்டேங்குது. வெயிலு நல்லாத்தான் அடிக்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். மோட்டாரில் கோளாறு இல்லை. அதை இயக்கும் பெட்டிக்குள் உப்புக் காற்று புகுந்து, போர்டில் மிளகு அளவுள்ள ஓர் ஈயப் புள்ளி பச்சை பூத்து விட்டுப்போயிருந்தது. இரண்டு நிமிட வேலை. போர்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய், சுவரில் செருகும் என் பழைய அயர்னில் வைத்துவிடலாமா என்றால், கழற்ற முடியாதபடி சங்கம் அதற்கு ஈய முத்திரை போட்டிருந்தது. முத்திரை உடைந்தால் வாரன்ட்டி போய்விடும். வாரன்ட்டி போன வருடமே முடிந்துவிட்டது என்றாலும் முத்திரை முடியவில்லை.

முத்தம்மாள் அக்கா பாத்தித் தண்ணீரில் ஆள்காட்டி விரலை விட்டுக் காட்டினார். இரண்டு கணு நனைந்தது.

"நாங்க பன்னண்டு பேரு இருபத்தோரு நாளு காலால மிதிச்சிப் போட்ட தரை இது. மேல தண்ணி இருக்கிற வரைக்கும்தான் அது தரை. காஞ்சிச்சுன்னா வெடிச்சிடும். வெடிச்சிச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து மிதிக்கணும்." புடவையை லேசாகத் தூக்கி வலது முட்டியைக் காட்டினார். தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "இது இன்னொரு தடவ மிதிக்காது, பாத்துக்க."

"எத்தன நாளுக்கா தாங்கும்?"

"இந்த வெயிலுக்கு மூணு நாளு. நாலாம் நாளு நீ வந்தா எனக்கு மாலை வாங்கிக்கினு வா."

உடனே ஸ்டோருக்குப் போனேன். இருசப்பன் அண்ணன் ரெஜிஸ்டரைத் திறந்து, அயர்னைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு நீட்டினார். "நம்பரோட குடுக்கறேன். நம்பரோட திரும்பி வரணும்."

"நம்பரு இருந்தா ஈயம் உருக்க முடியாதுண்ணே."

"உருக்கறது உன் டிபார்ட்மென்ட்டு. நம்பரு என் டிபார்ட்மென்ட்டு. ரெண்டுத்துக்கும் மேல செக்ரட்டரி இருக்காரு."

செயலாளர் சகாதேவன் சார் கோபப்பட்டு நான் பார்த்ததேயில்லை. எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, இது ஒருவர் முடிவு செய்கிற விஷயமில்லை என்று சொல்லி மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவசரக் கூட்டம் போட்டார். அவசரம் என்பதால் பன்னிரண்டரைக்கே தொடங்கிவிட்டது.

தலைவர், செயலாளர், இருசப்பன் அண்ணன், ஆபீஸ் உதவியாளர் பிரபாகரன், நான். மேஜை நடுவில் பஞ்சு டப்பா. செயலாளர் எழுந்து பேசினார்.

"ஏழாம் நம்பர் பாத்திப் பெண்கள் படற கஷ்டம் எனக்குத் தெரியும். அவங்களுக்காக நான் தூங்கறதில்ல. ஆனா ஒரு விஷயம். நம்ம சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு மண்வெட்டி தேஞ்சதில்ல, ஒரு ஸ்பேனர் வளைஞ்சதில்ல. ஏன்? நாம எதையும் வெளிய குடுத்ததில்ல. பக்கத்துச் சங்கத்துல குடுத்தாங்க. என்ன ஆச்சு? வேலை நடந்திச்சு, சரி. பொருள் என்ன ஆச்சு? யூஸ் பண்றதுங்கறது என்ன? ஒரு வகையான சேதாரம். அதை நாம கவனமா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் அனுமதிக்கணும்."

பிரபாகரன் கை தட்டினான். தலைவர் பலராமன் சார் யோசனையோடு டப்பாவைப் பார்த்தார்.

"இதுல புரோகிராம் பண்ணலாம்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அப்ப சூடாகாத மாதிரி புரோகிராம் பண்ணுங்க."

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் நல்ல யோசனையைக் கேட்டவர்போலத் தலையசைத்துக்கொண்டிருந்தார். பிரபாகரன் ஓடிப்போய்ப் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து அதன் முதுகில் இருந்ததைப் படித்தான். அந்தப் பெயின்ட் அறுபது டிகிரி தாங்கும். பாதுகாப்புக்காகப் பதினைந்தைக் கழித்தார்கள். நாற்பத்தைந்து டிகிரி என்று தீர்மானம் ஆயிற்று.

"சார், ஈயம் உருக நூத்தி எண்பத்தி மூணு வேணும். கைவேலைக்கு முந்நூறுக்கு மேல வைப்போம்," என்றேன்.

"நீங்க ஸ்பெஷலிஸ்ட்டு. நீங்க எதிர்பாக்கறது சரிதான்," என்றார் செயலாளர் மிக மரியாதையாக. "ஈயம் கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

கரண்ட்டுக்கும் விதி இருந்தது. ஆபீஸில் இருந்தது போன் சார்ஜர். அதில் செருகினால் அயர்ன் முழுச் சூட்டுக்கு வராது, அதற்கு வரும் மின்சாரம் போதாது. இருபது வோல்ட் கொடுக்கும் பெரிய பவர் பேங்க் ஒன்றை வெளியில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வெளியாள் கரண்ட்டா?" செயலாளர் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார். "யாரு வீட்டு மீட்டர்ல இருந்து வந்த கரண்ட்டுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்வீங்க? சங்கத்துப் பொருளுக்குள்ள சங்கத்துக் கரண்ட்டுதான் போகணும்."

போன் சார்ஜரிலேயே செருகினேன். பொத்தானை அழுத்தி நாற்பத்தைந்து என்று வைத்தேன். அறையின் வெப்பமே முப்பத்தாறு. திரையில் எண்கள் மெல்ல ஏறி நாற்பத்தைந்தில் நின்றன. தலைவர் முனையைத் தொட்டுப் பார்த்தார். குளிக்கிற வெந்நீர்போல இதமாக இருக்கிறது என்றார். எல்லோரும் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். எண் பதினேழு சிறிதும் மங்கவில்லை. கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. ஆறு வருடத்தில் இருபது லட்சம் புள்ளிகளுக்கு மேல் வைத்தேன், யாரும் தட்டவில்லை. இப்போது ஒன்றுமே செய்யாத ஒரு கருவியை ஒன்றும் செய்யாதபடி செய்ததற்குத் தட்டுகிறார்கள், என் முகம் தானாக மலர்கிறது.

தலைவரின் நன்றியுரை பத்து நிமிடத்தைத் தாண்டியபோது திரை மங்கிவிட்டது.

"என்னம்மா இது, அணைஞ்சி போச்சு?"

"அசையாம கிடந்தா கொஞ்ச நேரத்துல ஓய்வுக்குப் போயிடும் சார். கையில எடுத்தா மறுபடி வரும்."

"ஆபீஸ் நேரத்துலயா?" தலைவருக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த அமைப்பை மாற்றிவிடலாம், இரண்டு பொத்தான்தான் என்றேன். செயலாளர் மறுத்தார். "அமைப்பை மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். ஆள் போடறதுன்னா நானே போடலாம்." அயர்ன் ஓய்வுக்குப் போகாதபடி ஆட்டிக்கொண்டே இருக்கவும், எண்ணின் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கவும் பிரபாகரனை நியமித்தார். நியமன ஆணை அப்போதே தட்டச்சானது. என் நியமன ஆணை வர ஐந்து வாரம் ஆனது.

புதன்கிழமை காலை பிரபாகரனும் நானும் என் வண்டியில் ஏழாம் எண்ணுக்குப் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தவன் வழி முழுக்க அயர்னை ஆட்டிக்கொண்டே வந்தான். ஆபீஸில் சார்ஜ் ஏற்றிய சின்ன பவர் பேங்க் அவன் சட்டைப் பையில் இருந்தது. எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

பாத்தியில் முத்தம்மாள் அக்காவின் விரலில் அரைக் கணுகூட நனையவில்லை. பன்னிரண்டு பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் ஈயக் கம்பியைப் புள்ளியின்மேல் வைத்து, நாற்பத்தைந்து டிகிரி முனையால் தொட்டேன். தொட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்னாடி பண்றே, அதுக்குக் காய்ச்சல் பாக்கிறியா?" என்றார் முத்தம்மாள் அக்கா.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவற குச்சி மாதிரி இருக்குதுக்கா," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"சுண்ணாம்புலயாவது வாயி வேகும்."

சிரித்தார்கள். பிரபாகரனும் சிரித்தான், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் விளக்கத் தொடங்கினேன். "இல்லக்கா, இது சங்கத்துப் பொருளு. ஒரு நடைமுறை இருக்குது. ஒரே நாள்ல எல்லாம் ஆயிடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் அனுமதிப்பாங்க. யூஸ் பண்றதே ஒரு வகையான..."

அங்கே நிறுத்திவிட்டேன். குரல் என்னுடையதுதான், ஆனால் அந்த ஏற்ற இறக்கம் சகாதேவன் சாருடையது. கண்ணைக்கூட மூடியிருந்தேன். திறந்தபோது முத்தம்மாள் அக்கா சிரிப்பை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. சேற்றிலிருந்து வலது காலைக் கையால் தூக்கி வரப்பில் வைத்து உட்கார்ந்தார்.

"சரி போ," என்றார். "நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்கும். ஓரத்துல இருந்துதான் காயும்."

அந்த 'சரி போ'வில் ஒரு கோபம் இருந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். இல்லாததால், பிரபாகரனின் ஆபீஸ் நேரம் முடிந்ததும் அவனிடமிருந்து அயர்னை வாங்கிக்கொண்டு கூனிமேட்டுக்குப் போனேன்.

கூனிமேட்டில் ஜுவைரியா மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். அண்ணன் துபாயிலிருந்து அனுப்பும் சார்ஜர்களும் கேபிள்களும் கூரையிலிருந்து தொங்கும். இந்த மாடலை எனக்குச் சொன்னவளே அவள்தான். நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"யா அல்லா. நாப்பத்தஞ்சு டிகிரியா? எங்க உம்மா சோறாக்கி மூடி வெச்சா மதியம் வரைக்கும் அதவிட சூடா இருக்கும்டீ."

"சிரிக்காதடீ. நாளைக்குக் காலையில அந்தத் தரை வெடிச்சிடும்."

சிரிப்பை நிறுத்தினாள். அயர்னின் கழுத்தைத் திருப்பி ஒரு சின்னத் திருகாணியைக் காட்டினாள். "இத மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். முனை தனியாகக் கழன்று வரும். கடைகளில் அதற்குப் பிட்டு என்று பெயர். தேய்ந்தால் வேறு பிட்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரகடத்தில் வாரத்துக்கு ஒன்று மாற்றியிருக்கிறேன். இந்தச் சங்கத்தில் இரண்டு மாதம் இருந்ததில், அந்த முனையை எண் எழுதுகிற இடமாக மட்டுமே பார்க்கப் பழகியிருந்தேன்.

ஜுவைரியா டிராயரைத் துழாவினாள். "இடையஞ்சாவடியில தங்கியிருந்த ஒருத்தரு இதே மாடலுக்குப் பிட்டு கேட்டாருன்னு வரவெச்சேன். ஊருக்குப் போனவரு வரவேயில்ல. நீ வெச்சுக்க." புது முனை ஒன்றும், அந்தத் திருகாணிக்கான சாவியும், செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க்கும் தந்தாள். நான் ஒரு கேபிளை உருவியதும் கையில் தட்டினாள். "அது போனு மட்டும் ஏத்தும். இருபது வோல்ட்டு வரணும்னா இந்தத் தடிப்பு ஒயரு வேணும். எல்லாம் உனக்கே சொல்லணுமா? சங்கம் உன்ன நல்லாத்தான் கெடுத்து வெச்சிருக்குது."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாத்தியின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. வடமேற்கு மூலையில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். முத்தம்மாள் அக்கா அதன்மேல் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார், அங்கேயே பிடித்து நிறுத்திவிடுகிறவர்போல.

நான் திருகாணியைத் தளர்த்தி எண் பதினேழை உருவினேன். பிரபாகரன் பதறினான்.

"அக்கா, என்னாக்கா பண்றீங்க? என் டியூட்டி அது!"

"உன் டியூட்டி என்னாப்பா?"

"நம்பரு மேல கண்ணு வெக்கறது."

"இந்தா. கண்ணு வெச்சுக்க."

முனையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஆணையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒருமுறை படித்தான். அதில் எண்ணைப் பார்க்கவும் அதை ஆட்டவும் சொல்லியிருந்ததே தவிர, வேறெதையும் பார்க்கச் சொல்லவில்லை. கைக்குட்டையை விரித்து எண் பதினேழை அதில் வைத்து, எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, கடமை தவறாமல் மெல்ல ஆட்டத் தொடங்கினான்.

புது முனையைப் பொருத்தி முறுக்கினேன். தடித்த ஒயரைச் செருகினேன். திரையில் இருபது வோல்ட் என்று காட்டியது. முந்நூற்றிருபது என்று வைத்தேன். நூறு, நூற்றெண்பது, இருநூற்றறுபது. கையில் பிளாஸ்டிக் உடம்பு சூடாகவேயில்லை, அந்த விரல் நீள நுனியில் மட்டும் காற்று நடுங்கியது. பச்சை பூத்த பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பேஸ்ட் வைத்து, புது ஈயத்தைத் தொட்டேன். ஒரு மினுக்கம் சுற்றி ஓடி உட்கார்ந்தது. சாம்பிராணி போல ஒரு புகை எழுந்து கடல்காற்றில் போயிற்று.

அந்தச் சில நொடிகள் எனக்குள் யாரும் பேசவில்லை. தலையாட்டுகிறவள் இல்லை, கைதட்டல் கேட்கிறவள் இல்லை, இது முறையா என்று கேட்கிறவளும் இல்லை. ஒரகடத்தில் இந்த அமைதியைத்தான் நான் யாருமில்லாத தன்மை என்று நினைத்து வெறுத்திருந்தேன்.

முத்தம்மாள் அக்கா சுவிட்சைப் போட்டார். மோட்டார் இரண்டு முறை இருமியது. குழாய் வாயில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர். அது வாய்க்காலில் ஓடி, பாத்திக்குள் பரவி, வடமேற்கு மூலைக்கு வந்து அவர் குதிகாலைத் தொட்டது. அவர் காலை எடுக்கவில்லை. தண்ணீர் கணுக்காலில் ஏறும்வரை அப்படியே நின்றார்.

"ஏம்பா பிரபாகரா," என்றார் கடைசியில். "நீ என்னாத்த ஆட்டிக்கினு நிக்கிற? தாலாட்டா?"

வெள்ளிக்கிழமை செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அறிக்கை தயாராக இருந்தது. பிரபாகரன் கொடுத்த எழுத்துமூல வாக்குமூலத்தை வைத்து எழுதியிருந்தார். "பணி நடந்த நேரம் முழுவதும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறையும் சூடாகவில்லை" என்று அவன் சத்தியமாக எழுதிக் கொடுத்திருந்தான். ஆகவே எண் பதினேழு நாற்பத்தைந்து டிகிரியில் வெற்றிகரமாகப் பழுது நீக்கியிருப்பதாகவும், மற்ற சங்கங்களும் இம்முறையைப் பின்பற்றலாம் என்றும் அறிக்கை முடிந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடமும், குறிப்பு எழுத ஒரு கட்டமும் இருந்தன.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டத்தில் எழுதினேன்: 'நாற்பத்தைந்து டிகிரி போதாது. குறைந்தது முந்நூறு வேண்டும்.' சகாதேவன் சார் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்ல கருத்து," என்றார். "துணிச்சலா எழுதியிருக்கீங்க. இப்படித்தான் இருக்கணும்." பேனாவை எடுத்து அதன் கீழேயே ஆணை எழுதினார்: 'தொழில்நுட்பப் பணியாளரின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. முதற்கட்டமாக நாற்பத்தாறு டிகிரி.'

டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். புது முனையை அயர்னிலேயே விட்டுவிட்டு, எண் பதினேழைப் பக்கத்தில் தனியாகப் பஞ்சில் வைத்திருந்தேன். நடந்ததை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

இருசப்பன் அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண் பதினேழை விரல்களில் எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியதுபோல இருந்தது.

"அப்படியே இருக்குதும்மா. புள்ளிகூட போகல." ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "கருவி பெறப்பட்டது. பயன்படுத்தியதற்கான அடையாளம் ஏதுமில்லை. மிக நன்று."

"அண்ணே, இது?" பொத்தானும் திரையும் உள்ள உடம்பை முன்னால் தள்ளினேன்.

"எது?"

"இதுதாண்ணே அயர்னு. மெயினே இதுதான்."

அவர் வாங்கி எல்லாப் பக்கமும் திருப்பினார். "இதுல நம்பரு எங்க?"

"இல்லண்ணே."

"ம்." திருப்பித் தந்தார்.

நான் அதை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். சங்கத்துப் பொருள் சங்கத்தில் இருக்கட்டும். வண்டியை எடுக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். இருசப்பன் அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் அயர்ன்.

"என்னாம்மா நீ, பிடியை இங்க வுட்டுட்டுப் போறே? நம்பரு இல்லாத பொருளு என் ஸ்டோர்ல கிடந்தா நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் புடிப்பாங்க. எடுத்துக்கினு போ முதல்ல. இந்த மாதிரி விளையாட்டெல்லாம் வேணாம்."

என் பைக்குள் அவரே போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அதே நேரம் போன் அடித்தது. பதினோராம் எண் உப்பளம். பேசியது நான் அறியாத குரல்.

"சங்கத்து ஆளுங்களா? எங்க மோட்டாரு ரெண்டு நாளா ஓடலீங்க. எழுதிக் குடுக்கணுங்களா, இல்ல நீங்களே வருவீங்களா?"

இருசப்பன் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிக் குடுங்க," என்றேன். "எழுதி முடிக்கறதுக்குள்ள வந்துடறேன்."